நம்பர் தகட்டின் மேல் கிடந்த துணி

என் தங்கை கணவரின் கார் பறிபோனதற்குக் காரணம் நான்தான். அதிகாரிகளுக்கு வழி காட்டியது நான் எடுத்த புகைப்படம்.

ரங்கூனில் அப்போது பழைய கார்களுக்கு உதிரி பாகம் கிடைக்காது. பாதிப் பேர் ஜப்பான் லாரி எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். பதிவு செய்த எஞ்சினை மாற்றுவது குற்றம். பானெட்டைத் திறக்காதவரை யாரும் கேட்பதில்லை.

தங்கை கணவர் என்னையும் நான் அவரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். மச்சானுக்குப் பசுந்தாங் பேட்டையில் மசாலாக் கடை. யுத்தத்துக்கு முந்திய அமெரிக்கக் கார் ஒன்றை, பக்கத்துப் பட்டறைக்காரரும் அவரும் சேர்ந்து பல வருடம் செதுக்கினார்கள். பத்திரிகைகளில் பார்த்த ஹாட் ராட் கார்களைப் போலவே கூரையைத் தாழ்த்தி, மட்கார்டுகளைக் கழற்றி, உள்ளே வைத்த லாரி எஞ்சின் வெளியே தெரியும்படி. ரோட்டில் இறங்கும்போது மட்டும் பானெட்டை மாட்டுவார்கள்.

"என்ன பாய், காரு சட்டையக் கழட்டிட்டு நிக்குது?" என்பார்கள் டீக்கடையில்.

"உம்ம வயித்தப் பாக்குறதுக்கு இது தேவல."

ஒரு காலை நான் படம் எடுப்பதற்காகக் காரை ஓடைக்கரையில் பானெட் இல்லாமல் நிறுத்தி, நம்பர் தகட்டின் மேல் கட்டம் போட்ட லுங்கித் துணியைத் தொங்கவிட்டார்.

"நம்பர் விழக் கூடாது மச்சான்."

"விழாது."

கேமரா வழியாகப் பார்த்தேன். கறுப்பு உடம்பு, பளபளக்கும் குழாய்கள், நடுவில் அந்தத் துணி காயத்துக்குப் போட்ட கட்டுப்போல அசிங்கமாக இருந்தது. அவர் டீ வாங்கப் போனபோது அதை எடுத்துவிட்டுப் படம் பிடித்தேன். திரும்பி வருவதற்குள் போட்டுவிட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். கியாக்டடா பேட்டையில் ஒரு ஸ்டூடியோக்காரர் கேட்டார் என்று பெரிதாக்கிக் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அது தொங்கியது. ஜனங்கள் நின்று பார்ப்பதை எதிர்ப்பக்கத்திலிருந்து ரசித்தேன். அவர்களில் ஒருவர் நம்பரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார்.

காரை இழுத்துக்கொண்டு போனார்கள். பதிவும் ரத்தானது.

"அவன்தான் போட்டுக் குடுத்துட்டான். எஞ்சின் மாத்துனது வேற யாருக்குத் தெரியும்?" என்றார் மச்சான். பட்டறைக்காரரைச் சொன்னார். எதிரில் உட்கார்ந்திருந்த நான் டீயைக் குடித்து முடித்தேன். ஸ்டூடியோவுக்குப் போய்ப் படத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன். மச்சானும் பட்டறைக்காரரும் அதன்பின் பேசிக்கொள்ளவே இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கதவுகள்.

பட்டறைக்காரர் மவுத்தான பிறகுதான் எனக்குத் தூக்கம் போனது. ஊருக்கு வெளியே இன்சீனில் அதே மாதிரிக் காரின் கூடு ஒன்றைத் தேடிப் பிடித்து, லாரியில் ஏற்றி, மச்சான் கடைவாசலில் இறக்கினேன். நடந்ததை அங்கேயே நின்று சொன்னேன்.

அவர் கூட்டைப் பார்க்கவில்லை. "பதிவு இல்லாத இரும்ப வச்சு நான் என்ன செய்ய?" என்றார். பிறகு, "இத அவன் இருக்கும்போது சொல்லியிருக்கலாம்ல மச்சான். அவன் ஜனாசா தொழுகைக்குக்கூட நான் போகலியே."

மழைக்காலம் முழுக்க அது அங்கேயே துருப்பிடித்தது. கடைசியில் பழைய இரும்புக்காரர்கள் வந்து அறுத்து எடுத்துப் போனார்கள். தங்கை வீட்டுக்கு இன்றும் போகிறேன். அவள் டீ கொண்டுவந்து வைப்பாள். மச்சான் நான் கிளம்பும்வரை உள்ளறையை விட்டு வருவதில்லை.