தமிழில் எண்ணிய பெண்

2008-ஆம் ஆண்டு. புனேயில், எச்ஐவியோடு வாழும் பெரியவர்களுக்கு மஞ்சள் காமாலை பி தடுப்பூசியை இலவசமாகப் போடும் ஒரு மையத்தில் பதிவு எழுதும் வேலை எனக்கு. அப்பா ராணுவக் குடியிருப்பில் தோட்டவேலை பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். நான்கு மொழிகளில் எழுதுவேன் என்ற பெருமை கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

வியாழக்கிழமை மட்டும்தான் ஊசி. தமிழர்கள் நிறையப் பேர் இருக்கும் எங்கள் வானவடிப் பகுதியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய் உட்கார்ந்தால், மாலை வரை அதே கேள்விகள். பெயர், வயது, எத்தனையாவது ஊசி, காய்ச்சல் உண்டா? மத்தியானத்துக்குள் என் குரலே எனக்கு அலுத்துவிடும்.

அப்படி ஓய்ந்துபோயிருந்த ஒரு மத்தியானம், இரண்டாவது ஊசிக்கு ஒரு பெண் வந்தார். இங்கே ஸ்கூட்டர் ஓட்டும் பெண்கள் கட்டுவதுபோல முகத்தைச் சுற்றித் துப்பட்டா. படிவத்தில் மராட்டிப் பெயர், பேச்சு இந்தி. சிஸ்டர் ஊசியைக் குத்தியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று முணுமுணுத்தார்.

எனக்கு அலுப்பெல்லாம் பறந்துவிட்டது. "அக்கா, நீங்க தமிழா! எந்த ஊரு? நாங்க வானவடிதான். உங்கள கோயில்ல பாத்த மாதிரி இருக்கே?" என்று வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன்.

"நஹி, நஹி" என்று இந்தியிலேயே மறுத்தார். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. அவர் கையில் பஞ்சோடு விறுவிறுவென்று வெளியேறிவிட்டார்.

சிஸ்டர் மராட்டியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன்மா, ஊசி போடற இடத்துல சம்பந்தம் பேசறியா? ஊர்க்காரங்க கண்ணுல படக்கூடாதுன்னுதானே பேரையே மாத்திக்கிட்டு வர்றாங்க!"

இவ்வளவு படித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

மூன்றாவது ஊசி ஐந்து மாதம் கழித்து. அது இல்லாவிட்டால் முழுப் பாதுகாப்பு இல்லை. இலவச ஊசியும் அந்த மாதத்தோடு முடிகிறது. அவருடைய நாளன்று கேட்டுக்கு வெளியே அதே துப்பட்டாவைப் பார்த்தேன். அவர் என் மேசையைப் பார்த்தார்; அப்படியே திரும்பி நடந்தார். கூப்பிட எழுந்தேன். எந்த மொழியில் கூப்பிட்டாலும் தப்புதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வியாழன்தான் கடைசி. பொறுப்பாளரிடம் கெஞ்சி, பின்னறையில் பழைய படிவங்களை அடுக்கும் வேலையை வாங்கிக்கொண்டேன். என் மேசையில் சிஸ்டரே எழுதினார். கதவைச் சாத்திக்கொண்டு, தூசியில் தும்மியபடி, தண்ணீர் குடிக்கக்கூட வெளியே வராமல் கிடந்தேன்.

நான்கு மணிக்குச் சிஸ்டர் கதவைத் தட்டினார்.

"வெளிய வா. உன் அக்கா போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டாளான்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன்."

அந்த மையத்தில் நான் எழுதிக் குவித்த பக்கங்களைவிட, அங்கே இல்லாத ஆளாகக் கிடந்த அந்த ஒரு நாளைத்தான் இன்றும் உருப்படியாகச் செய்த வேலையாக நினைக்கிறேன்.