புதுச் சட்டத்தில் ஒடுக்கு

எங்கள் ஒர்க்‌ஷாப் பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி இருக்கிறது. கரண்டில் ஓடும் கார்களுக்கு உடம்பு வரைகிறவர்கள், கம்ப்யூட்டரில் வரைந்ததை முதன்முதலாக இரும்பில் பார்ப்பது எங்களிடம்தான். நான் வெல்டர். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதாலேயே இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. ஆட்களிடம்தான் கூச்சம். நான் போட்ட வெல்டு விடாது என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இந்தக் கார்களில் முன்னால் எஞ்சின் கிடையாது. உட்காருகிறவர்களின் காலுக்குக் கீழே தரை முழுக்க பேட்டரி படுத்திருக்கிறது. வண்டி எதிலாவது நேராக மோதினால் அடி அதுவரை போகக் கூடாது. அதற்காக முன்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு நீளச் சட்டங்கள் வருகின்றன. தகட்டை மடித்துப் பெட்டிபோலச் செய்தவை. மோதியதும் அவை மடிப்பு மடிப்பாக நசுங்கி அடியைத் தின்றுவிட வேண்டும். மடிப்பு முனையில் தொடங்குவதற்காக அங்கே வேண்டுமென்றே சின்ன ஒடுக்குகள் வைப்பார்கள். வரைகிற மேடம் எனக்கு இதைக் காகித டீ கப்பில் காட்டினார். நகத்தால் சுற்றிக் கிள்ளிவிட்டு மேலிருந்து அமுக்கினார். கிள்ளின இடத்தில் மடிந்தது.

சிவாஜிநகரில் டிங்கரிங் கடை வைத்திருந்த பாயை நான்தான் இங்கே சேர்த்துவிட்டேன். கடை இருந்த கட்டடத்தை இடித்துவிட்டதால் அவர் சும்மா இருந்தார். இடிபட்டு வந்த காரைத் தட்டித் தட்டி, அடிபட்டதே தெரியாமல் ஆக்கிவிடுகிற கை அவருக்கு. புது வேலை இன்னும் பழகவில்லை.

சட்டங்களைச் சோதிக்க வேண்டிய காலை அது. ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்து, உயரத்திலிருந்து பெரிய எடையை அதன்மேல் விடுவார்கள். நான் போனபோது பாய் முன்னதாகவே வந்து வியர்த்து நின்றார். ஒரு சட்டத்தின் வாய் வழியாக வளைந்த கம்பி உள்ளே போயிருந்தது.

“பாருணா, புதுச் சரக்கை எவனோ ரெண்டையும் அடிச்சு ஒடுக்கி வெச்சிருக்கான். ஒண்ணை சரி பண்ணிட்டேன். தடவிப் பாரு, தெரியுதா?”

தடவினேன். தெரியவில்லை.

“பாய், அது வேணும்னே போட்டது.”

“புதுசுல யாருணா வேணும்னு ஒடுக்கு போடுவான்? காலங்காத்தால வெளையாடாதே.”

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். சட்டத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். “நாளெயிந்த பரபேடா” என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம். பாய் கம்பியை உருவிக் கீழே வைத்தார். எதற்காக என்று இன்னும் அவருக்குப் புரியவில்லை.

மேடம் உள்ளே வந்தார். மாஸ்க் என் கையில் இருந்தது, முகத்தில் இல்லை. பேசியாக வேண்டும்.

“சார், ஒடுக்கைப் பார்த்தா எடுக்காம விடமாட்டாருன்னுதானே இவரைக் கூட்டிட்டு வந்தேன். அந்தக் கையைப் பார்த்துத்தான் நீங்களும் வேலைக்கு எடுத்தீங்க. அதைத்தான் பண்ணியிருக்காரு.”

மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இத்தனை பேசி அவர் கேட்டதில்லை. மேடம் குனிந்து சட்டத்தைத் தடவினார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

“இதையும் சோதனைக்குப் போடுவோம் சார். இந்த ஒடுக்கெல்லாம் எதுக்கு, வீண் செலவுன்னு மாடியில பெரிய ஆபீசருங்க கேட்டுட்டே இருக்காங்க. கம்ப்யூட்டர்ல காட்டினா நம்ப மாட்டேங்கறாங்க.”

“ஆகட்டும். முடிஞ்சப்புறம் இவர் விஷயம் பேசலாம்” என்றார் மேனேஜர்.

ஒடுக்குள்ள சட்டம் முதலில். எடை விழுந்தது. முனையிலிருந்து வரிசையாக, ஆர்மோனியத் துருத்திபோல மடிந்து, பாதி நீளத்துக்கு மேலேயே எடையை நிறுத்திவிட்டது. அடுத்தது பாயின் சட்டம். அது மடியவே இல்லை. நடுவில் முழங்கால்போலப் பக்கவாட்டில் முறிந்து சாய்ந்தது, எடை தடுப்பாரில்லாமல் தரைவரை வந்துவிட்டது. இரண்டிலும் என் வெல்டு ஓரிடத்திலும் வாய் திறக்கவில்லை.

பாய் முறிந்த சட்டத்தின் அருகில் போய் உட்கார்ந்தார். முறிந்த இடத்தில் விரலை ஓட்டினார்.

“இதுல ஆளு இருந்தா?”

“அடி அவங்க கிட்டயே போயிருக்கும்” என்றார் மேடம்.

“தோபா” என்று பாய் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மேடம் இரண்டு சட்டங்களையும் டிராலியில் ஏற்றி மாடிக்கு அனுப்பச் சொன்னார். லிஃப்ட் கதவு மூடுகிறவரை மேனேஜர் முறிந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், “இர்லி பிடு” என்றார். இருக்கட்டும் விடு. “ஆனா முனைப் பக்கம் இவர் கை போகக் கூடாது. அது உன் பொறுப்பு.”

பாய் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். கதவுத் தகடுகள் அவர் கையில் கண்ணாடிபோல வருகின்றன. சட்டங்கள் அடுக்கிய பக்கம் மட்டும் முதுகைக் காட்டி உட்காருவார். ஏன் பாய் என்று கேட்டால், “பார்த்தா கை அரிக்குதுணா” என்பார்.