வலப்பக்கம் இழுத்த கை

விஜயராஜின் ஜீப் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும். அதைச் சரிசெய்ய விடமாட்டான். மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரிலிருந்து புளி ஏற்றிக்கொண்டு இறங்கும்போது இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம். “கைய வுட்டாலும் வண்டி மலையிலதான் முட்டும், பள்ளத்துல போவாது” என்பான். அப்படியொரு மூளை! ஏறும்போது பள்ளம் இடப்பக்கம் வருமே என்று கேட்டவன் அறை வாங்கினான்.

“முன்சக்கரம் கோணலா நிக்குதுப்பா, அலைன்மென்ட் பார்த்துக்க” என்று சொன்ன வாணியம்பாடி மெக்கானிக் கடைக்காரர் வக்காருக்கும் ஒன்று விழுந்தது. பெண்டாட்டி பாஞ்சாலைக்குத் தினமும் விழுந்தது. எல்லாம் அந்த வலக்கையால்தான். இழுக்கிற ஸ்டியரிங்கை வருஷக்கணக்காக வலப்பக்கம் இழுத்துப் பிடித்தே இரும்பாகிப்போன கை அது.

சந்தையில் ஒருத்தன் பல்லை உடைத்துவிட்டு அவன் ஜெயிலில் கிடந்தபோது, பாஞ்சாலை வேறொரு டிரைவரைப் பிடித்து ஜீப்பை வக்காரிடம் அனுப்பினாள். சக்கரம் நேரானது. அடிக்குப் பயந்து அவனிடம் சொல்லவில்லை.

வெளியே வந்ததும், மலைமேல் நின்றிருந்த ஜீப்பில் லோடு ஏற்றிக்கொண்டு இறங்கினான். முதல் வளைவிலேயே ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை மிதித்தான். வண்டி நேராகத்தான் நின்றிருக்கும். கைதான் பழக்கத்தில் வலப்பக்கம் வெட்டி இழுத்தது. தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு ஜீப் பள்ளத்தில் உருண்டது.

வேலூர் ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், கட்டிலருகே நின்ற பாஞ்சாலையைப் பார்த்துக் கத்தினான்.

“வண்டி இழுக்கவே இல்லடி! எவன் அதுல கை வெச்சான்?”

அடிக்க ஓங்கினான். வலத்தோளுக்குக் கீழே கட்டுத்துணி மட்டும் ஆடியது.

பாஞ்சாலை நகரவில்லை.

“நான்தான்” என்றாள்.