நான்காவது சிவப்பு விளக்கு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் லிஃப்ட் பட்டன்களுக்குத்தான் போகும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, "மூணாவது மாடி பட்டன்ல பல்பு போயிருக்கு" என்று என் காதில் கிசுகிசுத்த மனிதர். அதிகம் பேச மாட்டார். கழுத்து சிவந்தால் கோபம், காது சிவந்தால் பொறாமை. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் நான் கற்றுக்கொண்டது அது. கழுத்து சிவந்து நான் பார்த்தது இரண்டு மூன்று தடவைதான். காது சிவக்க ஆரம்பித்தது என் தங்கைக்குக் கல்யாணம் ஆன பிறகு.

அப்பாவிடம் இருபத்தாறு வருடப் பழைய கார் ஒன்று இருக்கிறது. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தாறு. அம்மா போன பிறகு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். புதன்கிழமை தவறாமல் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிநேகிதர் வீட்டுக்குச் செஸ் ஆடப் போவார். கார் சாவி கையில் இருக்கும் வரைக்கும் அவர் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் என் தங்கை ஒரு வருடமாக, வயசாகிவிட்டது, சாவியைக் கொடுத்துவிடுங்கள் என்று அவரை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் காரைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர். அதிலும் டேஷ்போர்டு பல்புகள் என்றால் அவருக்கு உயிர். பழைய கார்களில் ஒவ்வொரு ஸ்விட்சுக்குள்ளும் அரிசி மணி அளவில் ஒரு பல்பு இருக்கும். அதன் தலையில் பச்சை ரப்பர் குல்லா. பல்பு போனால் ஸ்விட்சைப் பிளாஸ்டிக் தகட்டால் கீறல் விழாமல் நெம்பி எடுத்து, ஹோல்டரைக் கால் சுற்று திருப்பி, பழைய பல்பின் குல்லாவைக் கழற்றிப் புதியதற்கு மாட்ட வேண்டும். குல்லா தனியாகக் கடையில் கிடைக்காது. தொலைந்தால் அந்த ஒரு ஸ்விட்ச் மட்டும் வெள்ளையாகப் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். இவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முன் சீட்டில் மடங்கிக் கிடப்பார். அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டார்ச் பிடிப்பார். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் பத்து வார்த்தை பேசினால் அதிகம். வேலை முடிந்ததும் அப்பா, "பெரிய மாப்பிள்ளை கை பட்டா போதும், எரியாததும் எரியும்" என்பார்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இவர் ஒரு மாதம் ஓட்டுவார். உண்மையைச் சொல்கிறேனே, நானும் அதை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் தங்கை எனக்கு எட்டு வயது இளையவள். நான் வகுப்பில் இரண்டாவதாக வந்தால் முதலில் வந்தது யார் என்று கேட்பார் அப்பா. அவள் பாஸ் ஆனாலே தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டு வருவார். அவள் தாமதமாக வந்தாலும் ஜன்னலோர நாற்காலி அவளுக்காகக் காத்திருக்கும். என் பக்கம் அப்பா வாயிலிருந்து விழுந்த பாராட்டு என் புருஷனுடைய பல்புகளுக்குத்தான். அதிலும் பங்கு கேட்டு ஆள் வந்தால் எனக்கு வயிறு எரியாதா?

ஆள் வந்தார். சின்ன மாப்பிள்ளை. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, புதுக் கார், சிரித்த முகம். அவர் மேல் ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் பெரிய குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஸ்கூட்டரில் போய் இறங்கும்போது அப்பாவின் காருக்கு இரண்டு கதவும் திறந்திருந்தது. சின்ன மாப்பிள்ளை டேஷ்போர்டில் இருந்த அத்தனை பல்புகளையும் எடுத்துவிட்டு எல்.ஈ.டி. போட்டு முடித்திருந்தார். ஸ்விட்ச் பல்புகள், மீட்டருக்குப் பின்னால் இருக்கும் பல்புகள், ஒன்று பாக்கியில்லை. யூடியூபில் பார்த்துச் செய்தாராம். டார்ச் பிடித்தது அப்பா. அதே ஸ்டூல்.

"பாருங்க மாப்பிள்ளை, பகல் மாதிரி இருக்கு. இத்தனை நாள் இருட்டுல தடவிட்டு இருந்திருக்கேன்" என்றார் அப்பா, என் வீட்டுக்காரரிடம்.

பதினெட்டு வருட வேலைக்கு இருட்டு என்று பெயர் வைத்துவிட்டார். இவர் சிரித்தார். காது மட்டும் பழுத்த மிளகாய் மாதிரி ஆகிவிட்டது. பழைய பல்புகள் பச்சைக் குல்லாவோடு ஒரு டீ சாஸரில் கிடந்தன. தங்கை அதைக் குப்பைக்கு எடுத்துப் போனாள். இவர் கையை நீட்டி வாங்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டார். எதற்கு அண்ணா இந்தக் குப்பை என்று சின்ன மாப்பிள்ளை கேட்டதற்கு, கிடக்கட்டும் என்று மட்டும் சொன்னார்.

கிளம்பும்போது அப்பா எங்களை மறுபடி கூப்பிட்டு, சாவியைத் திருப்பிக் காட்டினார். இன்ஜின் ஓடுவதற்கு முன் மீட்டரில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிறகு இன்ஜின் ஓடியது, எல்லாம் அணைந்தது. அப்பாவுக்குத் திருப்தி. இவர் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகத்தில் ஏதோ மாறியிருந்தது.

ஸ்கூட்டரில் வரும் வழியில் சிக்னலில் நின்றபோது சொன்னார். சாவி போட்டதும் நாலு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். மூன்றுதான் எரிந்தது. பேட்டரி விளக்கு எரியவில்லை. எல்.ஈ.டி.க்கு ப்ளஸ், மைனஸ் பக்கம் உண்டு, திருப்பிப் போட்டால் எரியாது. மற்றவற்றில் எரியாததைத் திருப்பிப் போட்டுச் சரி செய்த சின்ன மாப்பிள்ளை, இதை மட்டும் இன்ஜின் ஓடும்போது பார்த்திருக்கிறார். ஓடும்போது அது அணைந்துதானே இருக்க வேண்டும், சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

ஒரு விளக்கு எரியாவிட்டால் என்ன என்றேன்.

"அது வெறும் விளக்கு இல்ல. அந்த பல்பு வழியா போற கரண்ட்தான் டைனமோவை எழுப்பிவிடும். அது எழும்பலைன்னா பேட்டரி சார்ஜ் ஆகாது. இருக்கிற வரைக்கும் ஓடும், அப்புறம் நட்ட நடு ரோட்டுல நின்னுடும்."

"எப்போ?"

"பகல்ல ஓட்டினா நாலஞ்சு நாள் தாங்கும். லைட்டும் வைப்பரும் போட்டா அன்னைக்கே. வீட்டுக்குப் போனதும் மாமாவுக்கு போன் பண்ணிச் சொல்லிடறேன்."

இதுவரை சொன்னதில் என் புருஷன் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் அவர் தோளில் கை வைத்துச் சொன்னேன்.

"சொல்லாதீங்க. நிக்கட்டும். யாரு போட்ட பல்புன்னு அப்பாவுக்கு ஒரு நாளாவது தெரியட்டும்."

அவர் வண்டியை எடுத்தார். கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அவர் மனதுக்குள் இருந்ததை வேறு ஒரு வாய் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். அப்பா வீட்டு வாசலிலேயே கார் நின்றுபோகும், அவர் இவரைக் கூப்பிடுவார், இவர் போய் ஒரு பல்பை மாற்றுவார், சின்ன மாப்பிள்ளையின் சிரித்த முகம் தொங்கிப்போகும். மனதுக்குள் இந்தப் படத்தை எத்தனை தடவை ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது.

புதன்கிழமை மதியத்திலிருந்து மழை. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்தின் ஜன்னல் கம்பியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. செஸ் நாள் என்று அப்போதுதான் உறைத்தது. திரும்பும்போது இருட்டும், லைட் போடுவார், வைப்பர் போடுவார். போனில் அப்பா நம்பரை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் தங்கையிடமிருந்து ஒரு படம் வந்தது. அப்பா காருக்குள் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் டேஷ்போர்டு வெள்ளை வெளேரென்று மின்னுகிறது. கீழே, "அப்பா எல்லார்கிட்டயும் இதைத்தான் காட்டிட்டு இருக்காராம்" என்று எழுதியிருந்தாள்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்தேன்.

கார் பாலத்தின் நடுவில் நின்றது. முதலில் லைட் மங்கியது, பிறகு வைப்பர் பாதியில் உறைந்தது, பிறகு இன்ஜின். பின்னால் வந்த பஸ் ஒரு முழம் தள்ளி நின்றிருக்கிறது. அந்தப் பஸ் டிரைவரும் இன்னும் இரண்டு பேரும் இறங்கிக் காரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். அப்பா மழையில் நின்று தங்கைக்கு போன் செய்திருக்கிறார். எங்களுக்கு அல்ல. சின்ன மாப்பிள்ளை தன் காரிலிருந்து வயர் கொடுத்து இன்ஜினை ஓட வைத்து, மெதுவாக வீடு கொண்டுவந்து சேர்த்தார்.

தங்கை சொல்லி நாங்கள் போனபோது அப்பா தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பஸ் ஒரு முழம் என்று தங்கை கையை விரித்துக் காட்டினாள். நான் ஓட்டிய படத்தில் பஸ் இல்லை.

சிநேகிதர் வீட்டு வாசலில் நிறுத்தியபோது மாமா லைட்டை அணைக்காமல் விட்டிருப்பார், அதுதான் பேட்டரி இறங்கிவிட்டது என்று சின்ன மாப்பிள்ளை சொன்னார். குற்றம் சொல்லும் குரலில்கூட இல்லை. ஆதரவாகத்தான் சொன்னார்.

"இருக்கலாம்" என்றார் அப்பா. "அணைச்ச மாதிரிதான் ஞாபகம். ஆனா என் ஞாபகத்தை இனி நம்ப முடியாதுபோல."

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். தங்கை அதை எடுத்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினாள். அந்தச் சின்னச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அப்பா சாவி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். நான் அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தேன். மெல்ல விடுவித்துக்கொண்டு தங்கையிடம் சாவி கேட்டார். சகலையிடம் வயரை எடுத்து வரச் சொன்னார். அப்பாவையும் கீழே வரச் சொன்னார். கார் நிறுத்தும் இடத்தில், மீட்டரின் நான்கு ஸ்குரூவைக் கழற்றி முன்னால் இழுத்து, பின்னால் விரலை விட்டு ஒரு ஹோல்டரைத் திருப்பினார். எல்.ஈ.டி. வெளியே வந்தது. மாத்திரை டப்பாவிலிருந்து பழைய பல்பு உள்ளே போனது. சாவியைத் திருப்பினார். நாலு சிவப்பு விளக்கு, மங்கலாக. சின்ன மாப்பிள்ளையின் காரிலிருந்து வயர் கொடுத்ததும் இன்ஜின் ஓடியது. நாலும் அணைந்தது. ஹெட்லைட் எதிர்ச் சுவரில் பளிச்சென்று விழுந்தது.

"மாமா, நீங்க எதையும் மறக்கல" என்றார். "அந்த பல்புதான் காரணம். ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

"ஏன்?" என்றார் அப்பா.

"பொறாமை."

நான் மட்டும் என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் என்றும் சொல்லவில்லை. சின்ன மாப்பிள்ளை கையில் வயரோடு, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா என்று மெதுவாகக் கேட்டார். அவர் முகம் தொங்கித்தான் போனது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்பா இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே இந்த வண்டிக்காக நீங்க சிரமப்பட வேண்டாம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி மேலே போனார். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஸ்கூட்டரில் வரும்போது ஏன் என்னைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "ரெண்டு பேருமா கெட்டவங்க ஆகணும்?" என்றார்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அப்பா காரைச் சின்ன மாப்பிள்ளைதான் பார்த்துக்கொள்கிறார். அப்பாவுக்குத் தெரியாமல் அவர் இவருக்கு போன் செய்து, இந்த ஹோல்டர் எந்தப் பக்கம் திரும்பும் அண்ணா என்று கேட்கிறார். இவரும் பொறுமையாகச் சொல்கிறார். பச்சைக் குல்லாக்களைக்கூடக் கொடுத்து அனுப்பிவிட்டார். காது சிவப்பதே இல்லை. மனதில் ஒன்றும் இல்லாமல் தூங்குகிற மனிதரைப் பார்த்து இப்போது எனக்குத்தான் பொறாமை.

போன வாரம் அப்பாவைக் கண் டாக்டரிடம் காட்டப் போனேன். அவர்தான் ஓட்டினார். சாவியைத் திருப்பிவிட்டு இன்ஜினை ஓட விடாமல் மீட்டரைப் பார்த்தபடி இருந்தார். இப்போதெல்லாம் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறாராம்.

"உன் தங்கச்சி சாவியைப் பிடுங்கப் பார்த்தா. அவ வீட்டுக்காரர் தெரியாம செஞ்சாரு, உன் வீட்டுக்காரர் தெரிஞ்சே செஞ்சாரு. என்கிட்ட எதையும் மறைக்காதவ நீ ஒருத்திதான்" என்றார். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் இப்படி ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்திருந்தேன்.

பிறகு சீட்டில் கொஞ்சம் சாய்ந்துகொண்டு எனக்கு மீட்டரைக் காட்டினார். "என் கண்ணு சரியில்ல. எத்தனை எரியுது, நீ பார்த்துச் சொல்லு."

"நாலுப்பா" என்றேன்.