எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்ட தெரு

நகர்மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசக் கூடாது. பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். இந்த விதி எனக்குத் தெரியும். தெரிந்தும் போன வருஷம் ஒரு நாள் எழுந்து நின்று பேசினேன். அதைத் தைரியம் என்று யாராவது சொன்னால் நான் மறுப்பதில்லை. உண்மையில், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மெஸ்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதைவிட நகர்மன்றத் தலைவருக்கு முன்னால் நிற்பது சுலபமாகத் தோன்றியது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து வருகிற ஷேர் ஆட்டோக்கள் ஆட்களை உதிர்த்துவிட்டுப் போகும் முனையில் எங்கள் தெரு ஆரம்பிக்கிறது. தரைத்தளத்தில் வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். அதற்கு மேலே கட்ட முடிந்த அளவு மாடிகளில் அறைகள். ஒவ்வொரு அறையிலும் திருநெல்வேலி, சிவகங்கை, தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த நாலைந்து பேர். தெருவின் நடுவில் நகராட்சி அங்காடி. பெயர்தான் அங்காடி, ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பத்துக் கடைகள், அவ்வளவுதான். அதில் மூன்றாவது கடைதான் மெஸ்.

மெஸ்காரம்மா இந்த ஊர்க்காரர். காலை நாலரைக்கு அவர் முதல் ஈடு இட்லியை எடுத்தால்தான் முதல் ஷிப்டு ஆட்கள் கம்பெனி பஸ்ஸில் நிறைந்த வயிற்றோடு ஏறுவார்கள். மற்ற நேரத்துச் சோற்றை இந்தச் சாலையில் எங்கேயும் வாங்கலாம். அந்த நாலரை மணி இட்லி அவரிடம் மட்டும்தான் உண்டு.

இந்த அங்காடியை இடித்துவிட்டு இரண்டு மாடி வணிக வளாகமும் பக்கத்தில் வண்டி நிறுத்துமிடமும் கட்ட நகராட்சி திட்டம் போட்டது. நியாயமான திட்டம்தான். கூரை மழைக்கு ஒழுகும், வெயிலுக்கு வெடிக்கும். மெஸ்காரம்மாவே கட்டட்டும் என்றுதான் சொன்னார். கட்டி முடிக்கும் வரை தான் எங்கே சமைப்பது என்பது ஒன்றுதான் அவர் கேள்வி.

“ரெண்டு வருசம் கட்டுவாங்களாம் சார். அதுக்குள்ள இவனுங்க நாக்கு வேற கடைக்குப் பழகிடும். அப்பால எனக்குப் புதுக் கடை குடுத்தா இன்னா, கோட்டை குடுத்தா இன்னா?”

பொதுமக்கள் கருத்தைக் கேட்பதற்காக எங்கள் வார்டு கவுன்சிலர் பகுதி சபைக் கூட்டம் போட்டார். கவுன்சிலர் அக்கறையான பெண்மணி. ஆனால் கூட்டம் புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு. முதல் ஷிப்டு வேலையில் இருந்தது, இரண்டாம் ஷிப்டு குளித்துக்கொண்டிருந்தது, மூன்றாம் ஷிப்டு தூங்கிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் மூன்று பேர்: மெஸ்காரம்மா, விடுப்பு எடுத்திருந்த நான், நாற்காலிகளைத் திரும்ப எடுத்துப் போகக் காத்திருந்த பந்தல்காரர்.

“இந்தத் தெருவுல ஆளைக் கூட்டவே முடியாது போலிருக்கே சார்” என்றார் கவுன்சிலர். “கேள்வியை அச்சடிச்சுக் குடுத்து எழுதி வாங்கிடலாமா?”

“அதை என்கிட்ட விடுங்க” என்றேன்.

என்னிடம் விட்டதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, என் வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. அதை வைத்து நான் விவரமானவன் என்று தெரு நம்பியது. தெருவைத் திருத்த நான் முயன்றதில்லை. இரண்டாவது, படிவம்தான் என் தொழில். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆவணப் பிரிவில் இருக்கிறேன். பதினெட்டு வருஷமாக மற்றவர்கள் நிரப்பிய காகிதங்களைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்குகிறேன்.

பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவம் வந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டங்கள். மெஸ்ஸிலேயே வைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். மெஸ்காரம்மா தட்டோடு படிவத்தையும் நீட்டினார். “ரொப்பிக் குடுத்துட்டுக் கையைக் கழுவு நைனா. என் கடை விசயம்.” யார் என்ன எழுதினார்கள் என்று அவர் பார்க்கவில்லை. “அது அவனவன் மனசுல கீறது. அத்த நான் நோண்டிப் பாக்கலாமா?” என்றார். என்னைவிட ஜனநாயகம் தெரிந்தவர்.

என் பங்குக்கு மெஸ் சுவரில் ஓர் அறிவிப்பை எழுதி ஒட்டினேன். ‘எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. அடித்தல் திருத்தல் கூடாது. பெயர், தேதி, கையெழுத்து கட்டாயம்.’ தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நான் ஒட்டும் அதே வாசகம்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டு தொடங்கியதும் ஒவ்வொருவரும் ஒரு செக் ஷீட் நிரப்ப வேண்டும். எண்ணெய் அளவு சரியா, பாதுகாப்புக் கதவு மூடுகிறதா, காற்றழுத்தம் இருக்கிறதா என்று இருபது வரிகள் இருக்கும். ‘ஆம்’ போட்டால் இயந்திரம் ஓடும். ஒரு வரியில் ‘இல்லை’ போட்டால் லைன் நிற்கும், சூப்பர்வைசர் வருவார், பராமரிப்பு ஆள் வருவார், எதற்காக ‘இல்லை’ என்று இரண்டு பக்கம் எழுத வேண்டும், அன்றைய உற்பத்திக் கணக்கு போய்விடும். காலியாக விட்டால் நான் வருவேன். எனவே முதல் வரியில் ஒரு டிக் அடித்து, அங்கிருந்து கடைசி வரி வரை நேராக ஒரு கோடு இழுத்து, முனையில் அம்புக்குறி போட்டுவிடுவார்கள். இருபது வரிக்கும் மூன்று விநாடி. புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் கற்றுக்கொள்ளும் வேலை இதுதான்.

எங்கள் தெரு நகராட்சிப் படிவத்தையும் அப்படியே நிரப்பியது.

ஒன்பதாவது கேள்வி, ‘தற்போதுள்ள கடைகளை உடனடியாக அகற்றிப் பணியைத் தொடங்கலாமா?’ கோடு அதன் வழியாகத்தான் கீழே போயிருந்தது.

படிவங்கள் வந்ததும் நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, காலிக் கட்டம் உண்டா? ஒரு குறையும் இல்லை. இத்தனை சுத்தமான கட்டு ஒன்றைத் தொழிற்சாலையில் கண்டதில்லை என்று மனைவியிடம் பெருமைப்பட்டுக்கொண்டேன். என்ன பதில் எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பது எங்கள் பிரிவின் வேலை இல்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. மனைவி மட்டும் படிவத்தை வாங்க மறுத்திருந்தார். “நீங்க கொண்டுவந்து நீட்டுறீங்கன்னா அதுல ஏதோ வம்பு இருக்கும்.”

ஆக, நகர்மன்றக் கூட்டம். எங்கள் அங்காடி பற்றிய பொருள் வந்ததும் தலைவர் படிவக் கட்டைத் தூக்கிக் காட்டினார்.

“அந்தத் தெரு மக்கள் எழுதிக் குடுத்திருக்காங்க. கடைகளை உடனே எடுக்கலாம்னு அத்தனை பேரும் ஆம் போட்டிருக்காங்க. ஒருத்தர்கூட இல்லைன்னு சொல்லல. இப்படி ஒரு ஒத்துழைப்பை நான் பாத்ததே இல்ல. முப்பது நாள்ல காலி பண்ண நோட்டீஸ் குடுத்துடலாம்.”

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். மெஸ்காரம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“இன்னா சார் இது? என் சோத்தைத் துன்னுகினே என் கடைய இடிக்கச் சொல்லிக் கீறானுங்களா?”

அப்போதுதான் எழுந்தேன்.

“தலைவர் அவர்களே, அந்தப் படிவங்கள் செல்லாது.”

“நீங்க யாருங்க?”

“அந்தப் படிவங்களை வாங்கிக் கொடுத்தவன்.”

சபை சிரித்தது. எங்கள் கவுன்சிலர் எழுந்து, “அவரு எங்க வார்டுதாங்க. ஒரு நிமிசம் பேசட்டும்” என்றார்.

“பதினோராவது கேள்வியைப் படித்துப் பாருங்கள்” என்றேன். மேலே சொன்ன ஞானமெல்லாம் எழுந்து நின்ற அந்த அரை நிமிஷத்தில் வந்ததுதான். தலைவர் தூக்கிப் பிடித்த காகிதத்தில் அந்தக் கோட்டைப் பின்வரிசையிலிருந்தே பார்த்துவிட்டேன். எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும் கோடு அது. சட்டைப்பையில் மிச்சமிருந்த வெற்றுப் படிவத்தை உருவி, கேள்விகளையும் அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன்.

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “‘இத்திட்டத்துக்கு உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ இதுக்கும் ஆம்னு போட்டிருக்கு.” அடுத்ததைப் புரட்டினார். அதிலும் ஆம். அதற்கடுத்ததிலும். “எல்லாருக்கும் சம்மதம். எல்லாருக்கும் ஆட்சேபம். என்னய்யா தெரு இது?”

“பன்னிரண்டாவதையும் பாருங்க. எத்தனை கழிப்பறை வேணும்னு கேட்டிருக்கீங்க. அதுக்கும் டிக்தான்.”

செக் ஷீட் வழக்கத்தை விளக்கினேன். சபைக்குப் புரிந்தது, பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் இருங்காட்டுக்கோட்டைக்கோ ஒரகடத்துக்கோ ஷிப்டு போகிறவர்கள்தானே. சாட்சிக்கு ஒன்றைக் காட்டலாம் என்று கவுன்சிலர் கட்டின் நடுவிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். உருவியவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“சார், இது உங்க பேருதானே?”

என் பெயர்தான். என் கையெழுத்துதான். மேலே ஒரு டிக், கீழே வரை ஒரு கோடு, முனையில் அம்பு. மற்றவர்களுடையதைவிடக் கோடு நேராக இருந்தது.

“நீங்களாவது படிச்சிட்டுப் போட்டீங்களா?” என்று தலைவர் கேட்டார்.

“இல்லை” என்றேன். இந்த விவகாரம் முழுவதிலும் ஒருவர் சொன்ன முதல் ‘இல்லை’ அதுதான்.

பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அந்தப் படிவங்கள் வேண்டாம், எல்லா ஷிப்டுக்கும் ஓய்வான ஞாயிற்றுக்கிழமை மாலை பகுதி சபையை மறுபடி கூட்டி நேரில் கேட்கலாம், நோட்டீஸ் அதற்குப் பிறகு என்று முடிவாயிற்று. வெளியே வந்ததும் மெஸ்காரம்மா ஷேர் ஆட்டோவில் எனக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை மெஸ்ஸில் இட்லி இருந்தது, பேச்சும் இருந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து நாலு வருஷமாக அங்கே சாப்பிடுகிற ஒரு தொழிலாளி மாட்டிக்கொண்டார்.

“நீ இன்னா போட்ட?”

“எல்லாரும் போட்டதத்தாங்க்கா போட்டேன்.” பிறகு என்னைக் காட்டினார். “சார்தான கட்டம் காலியா இருக்கப்பிடாதுன்னு செவத்துல ஒட்டினாவ?”

“அவரு ஒட்னாரு, அவருக்கு வேற வேலை இல்ல. உனக்குக் கண்ணு இல்ல? உன் கழுத்த அறுக்கலாமான்னு கேட்டாலும் டிக் அடிச்சிக் கோடு இழுத்துடுவியா?”

“அப்பிடியெல்லாம் கேக்க மாட்டாவக்கா.”

“கேட்டுட்டாங்கடா. என் கழுத்த.”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். வரிசையில் நின்ற எல்லோரும் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் அறிவிப்பைச் சுவரிலிருந்து கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

“செவுத்தையும் பேத்துட்டியா சார்?” என்றார் மெஸ்காரம்மா.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. பந்தல்காரர் நாற்காலி போதாமல் இரண்டு தடவை போய்வந்தார். தலைவரே வந்திருந்தார். நகராட்சிப் பொறியாளர் வரைபடத்தை ஒரு மேசையில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தார். லாரி நிறுத்த இடம் இல்லை என்றார் ஒருவர், சாக்கடை எந்தப் பக்கம் போகும் என்றார் இன்னொருவர். அரை மணி நேரம் அங்காடியைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள். மெஸ்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் தென்காசித் தொழிலாளி எழுந்தார். மைக்கைச் சுத்தியல் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

“சார், அஞ்சே காலுக்கு கம்பெனி பஸ். அந்நேரத்துக்கு இட்லி இந்த அக்காட்ட மட்டுந்தான் கெடைக்கும். கட்டடம் வேண்டாங்கல. இடிங்க. ஆனா அக்கா அடுப்ப அணைக்காம இடிங்க. அந்தப் பேப்பர்ல நான் டிக் போட்டது தப்பு. படிக்காம போட்டுட்டேன்.”

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து, “நானும் படிக்கல சார்” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பத்துப் பேருக்கு மேல் போனதும் தலைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?” என்று மெஸ்காரம்மாவைக் கேட்டார்.

“கட்டுங்க சார், நான் வேணாங்கல. மழை பேஞ்சா என் சாம்பார்ல நான் தண்ணி ஊத்தறதில்ல, கூரை ஊத்துது. ஆனா ஒரு நாள்கூட என்னால கடைய மூட முடியாது. மூடினா அதோட போச்சி.”

தலைவர் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் வரைபடத்தைப் பார்த்தார். மெஸ் இல்லாத பாதியிலுள்ள ஐந்து கடைகளை முதலில் இடித்துக் கட்டலாம், அது முடிந்ததும் மறு பாதி, அதுவரை மெஸ் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம், பிறகு புதுக் கட்டடத்தின் தரைத்தளத்தில் அதற்குக் கடை என்று பேசி முடித்தார்கள். அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருவதாகத் தலைவர் மைக்கில் சொன்னார். கை தட்டினார்கள். கூட்டம் கலைந்தது.

மெஸ்காரம்மா மட்டும் நேராக வரைபடத்திடம் போனார். நானும் பின்னால் போனேன். என்னைக் கூப்பிடவில்லை, விரட்டவும் இல்லை.

“என் கடை எது?”

பொறியாளர் ஒரு கட்டத்தைக் காட்டினார். மெஸ்காரம்மா அதன் மேல் விரலை வைத்தார்.

“புகை எப்பிடிப் போவும்?”

“என்னம்மா?”

“அடுப்புப் புகை சார். மேல ரெண்டு மாடி வெச்சிக் கீறீங்க. நான் பத்த வெச்சா மேல குந்திகினு இருக்கறவன் இருமுவான். ரெண்டாம் நாளு என்மேல மனு குடுப்பான். திரும்பவும் என்னை எடுக்கறதுக்குக் கூட்டம் போடுவீங்க.”

நானும் அந்த வரைபடத்தை மூன்று தடவை பார்த்திருந்தேன், புகை எனக்குத் தோன்றவில்லை, முத்திரையும் தேதியும் சரியாக இருந்தன. பொறியாளர் காதிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தக் கட்டத்தின் மூலையிலிருந்து மொட்டைமாடி வரை ஒரு புகைபோக்கியை வரைந்தார்.

“போதுமா?”

மெஸ்காரம்மா என் பக்கம் திரும்பி, என் சட்டைப்பையிலிருந்த பேனாவை உருவி அவரிடம் நீட்டினார்.

“இதால போடு சார்” என்றார். பொறியாளர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு குனிந்து பென்சில் கோட்டின் மேலேயே பேனாவால் போட்டார்.