நீளக்கை ஜாக்கெட்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் யாராவது பதுளை டவுனைத் தாண்டி வெளியூர் போவதென்றால் முதலில் தனுஜாவிடம்தான் வருவார்கள். பஸ் நேரம் கேட்க அல்ல, எதை உடுத்திக்கொண்டு போவது என்று கேட்க. அவள் பதுளை கடைத்தெருவில் றுஷ்தி முதலாளியின் புடவைக் கடையில் வேலை செய்தாள். அதைவிடப் பெரிய தகுதி, கல்யாணத்துக்கு முன்பு அவள் கொழும்பில் ஒரு பெரிய உடுப்புக் கடையில் இருந்தவள்.

அந்தக் கடையில் சேர்ந்த முதல் நாள் எப்படி இருந்தது என்பதை மட்டும் அவள் தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் யாரிடமும் சொன்னதில்லை. தீபாவளிக்குத் தைத்த ரோஸ் கலர் சுரிதார், அதில் தங்கப் பாசி, எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, சடை நிறையப் பூ. தன்னிடம் இருந்ததில் ஆக நல்லதைப் போட்டுக்கொண்டுதான் போனாள். மேற்பார்வை செய்யும் பெண் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு மற்றப் பெண்களிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அன்று தனுஜாவைப் பின்னால் இருந்த சாமான் அறைக்கு அனுப்பினார்கள். பல மாதம் அங்கேயே துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவிடுக்கால் பார்த்துப் பார்த்துத்தான் கொழும்பின் உடுப்பைப் படித்தாள். கலர் குறைய வேண்டும், தோடு சின்னதாக வேண்டும், பூ வேண்டாம். அப்புறம்தான் முன்பக்கம் வரவிட்டார்கள். அந்த ஊர் முதலில் துணியைப் பார்க்கும், பிறகுதான் பேரைக் கேட்கும் என்பது அவள் மனதில் ஆணி அடித்தது போல் பதிந்துவிட்டது.

கோயில் திருவிழா முடிந்த கையோடு லயத்துப் பெண்கள் சேர்ந்து கொழும்புக்கு ஒரு பயணம் போவதென்று முடிவு செய்தார்கள். தாமரைக் கோபுரம் பார்ப்பது, கடைகளைச் சுற்றுவது, பின்னேரம் காலிமுகத்தில் கடல் பார்ப்பது. பஸ் பேசியாயிற்று. அடுத்த ஞாயிறே தனுஜாவின் வாசலில் கூட்டம்.

"பட்டு வேணாங்க. வேர்வையில ஊறிப் போயிரும். கண்ணக் குத்துற கலரும் வேணாம். தலையில எண்ண வழியக் கூடாது. சப்பாத்தோ நல்ல செருப்போ போடுங்க, பாட்டா செருப்போட வந்துறாதீங்க. எல்லாரும் ஒரே மாதிரி கட்டிக்கிட்டுக் கூட்டமா நின்னா தோட்டத்து ஆளுங்கன்னு தூரத்துலயே தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சா என்ன புள்ள?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெரியாயி.

எல்லோரும் சிரித்தார்கள். தனுஜாவும் சிரித்தாள்.

அவளுடைய மாமியார் கருப்பம்மா உள்ளே இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டியவள், ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவள். ஊவா மாகாணத்தை விட்டு வெளியே போனதே இல்லை. இந்தப் பயணத்தில் மற்றவர்களுக்குக் கோபுரம் பெரிதாக இருந்தது. கருப்பம்மாவுக்குக் கடல்தான். அவளுடைய அண்ணன் சின்னராசா அந்தக் காலத்து ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களோடு தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர். இவள் பெயர் மாமா வீட்டுப் பதிவில் இருந்ததால் இங்கேயே தங்கிவிட்டாள். அண்ணன் போகும் முன் லயத்துக்கு வந்த கொறத்தியிடம் அழுது அடம்பிடித்து இடது கையில் அவர் பெயரைப் பச்சை குத்திக்கொண்டாள். கொறத்திக்கு எழுத்து வராது, யாரோ தரையில் எழுதிக் காட்டியதைப் பார்த்துக் குத்தியதில் 'சினராசா' என்று வந்துவிட்டது. வலது கையில் முழங்கை வரை புள்ளிக் கோலம்.

"அண்ணன் போன தண்ணி எம்புட்டுப் பெருசுன்னு பாக்கணும்" என்பாள். அவ்வளவுதான் அவள் ஆசை.

பயணத்துக்கென்று அவள் எடுத்து வைத்தது அரக்குக் கலர் நூல் சேலையும் கை குட்டையாகத் தைத்த ஜாக்கெட்டும். தனுஜா சேலையைப் பார்த்தாள், பரவாயில்லை. பிறகு அவள் பார்வை மாமியின் கைகளில் நின்றது. வெயிலில் கறுத்த தோல், அதில் பச்சை மங்கி நீலமாய்ப் படர்ந்த கோடுகள். கொழும்பில் இப்போது பெரிய வீட்டுப் பெண்கள் கூடத் தோளிலும் மணிக்கட்டிலும் பச்சை குத்துகிறார்கள், அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இது அது இல்லை. இது லயத்தின் முத்திரை. யாரும் கேட்கத் தேவையில்லை, பார்த்தாலே போதும்.

"மாமி, நான் ஒங்களுக்கு ஒரு நீளக்கை ஜாக்கெட் கொண்டாறேன். அதுதான் இப்ப எல்லாரும் போடுறாங்க."

"எனக்கு எதுக்கு புள்ள? இதே நல்லாத்தான இருக்கு."

"கை மறையிற மாதிரி இருந்தா நல்லது மாமி."

கருப்பம்மா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதாவது அழுக்கு ஒட்டியிருக்கிறதோ என்று பார்ப்பவளைப் போல. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கடையில் இருந்ததிலேயே பளபளப்பில்லாத கறுப்பு ஜாக்கெட்டாகத் தனுஜா எடுத்து வந்தாள். பார்வைக்கு நல்ல துணி. கையில் எடுத்தால் காற்றுப் புகாத பொலியெஸ்டர். கை பிடிப்பாக இருந்தது. மூடிய சப்பாத்து ஒரு சோடியும் வாங்கினாள். ஸ்பிரிங்வெளிக் குளிரில் போட்டுப் பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. கண்ணாடி முன் நின்ற கருப்பம்மாவைப் பார்த்து மகன் கிருஷ்ணராஜ், "அம்மா டீச்சர் மாதிரி இருக்கு" என்றான். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். தனுஜாவுக்குப் பெருமையாக இருந்தது.

கொழும்பில் வெயில் காலையிலேயே பிடித்துக்கொண்டது. கோபுரத்தின் முன்னால் நீண்ட வரிசை. வெளிநாட்டுக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், தொப்பி போட்ட குடும்பங்கள். தனுஜா சுற்றிலும் பார்த்தாள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் கூட்டம் கூட்டத்தோடு கலந்துவிட்டது என்று திருப்திப்பட்டுக்கொண்டாள்.

கருப்பம்மாவின் முகத்தில் வேர்வை வழிந்தது. கழுத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"புள்ள, கைய மட்டும் கொஞ்சம் மேல ஏத்திவிட்டுக்கவா? உள்ள வேகுது."

முன்னால் நின்ற இரண்டு பெண்கள் அப்போதுதான் திரும்பினார்கள். கூலிங் கிளாஸ், கையில் விலை உயர்ந்த பை. அவர்கள் பார்த்தது கருப்பம்மாவை அல்ல, பின்னால் வந்த யாரையோ. ஆனால் தனுஜாவுக்குச் சாமான் அறையும் அந்தச் சிரிப்பும் ஒரே நொடியில் நினைவில் வந்துபோயின.

"வேணாம் மாமி. எல்லாரும் பாக்குறாங்க. கொஞ்சம் பொறுங்க, உள்ள போனா ஏசி."

கருப்பம்மா கையைக் கீழே விட்டாள். மறுபடி கேட்கவில்லை.

வரிசை நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. கருப்பம்மா எதையோ பிடிக்கப் போவது போலக் காற்றில் கையை நீட்டினாள். பிறகு அப்படியே சரிந்தாள். தலை கல்லில் படாமல் பெரியாயி தாங்கிக்கொண்டாள்.

யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். கூலிங் கிளாஸ் போட்ட அந்தப் பெண்களில் ஒருத்தி ஓடிப்போய் ஆட்டோ மறித்தாள், தன் துப்பட்டாவை நனைத்துக் கருப்பம்மாவின் நெற்றியில் வைத்தாள். "அம்மே, அம்மே" என்று கூப்பிட்டாள். ஆட்டோவில் ஏற்றும்போது தனுஜாவின் முதுகைத் தட்டி, பயப்படாதீங்க என்று அரைகுறைத் தமிழில் சொன்னாள். தனுஜாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கிளினிக்கில் சேலைன் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஜாக்கெட்டின் கை மேலே ஏறவில்லை, வேர்வையில் தோலோடு ஒட்டியிருந்தது. நேர்ஸ் கத்தரிக்கோலை எடுத்து மணிக்கட்டிலிருந்து தோள் வரை வெட்டினாள். துணி இரண்டாகப் பிளந்து விழுந்தது. உள்ளே தோல் சிவந்து தடித்திருந்தது, அந்தச் சிவப்பின் நடுவே அண்ணனின் பெயர். நேர்ஸ் அதை ஒரு பார்வை பார்த்தாள். நரம்பு தேடினாள், ஊசி ஏற்றினாள், அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவளுக்கு அது ஒரு கை, அவ்வளவுதான்.

கண் விழித்ததும் கருப்பம்மா முதலில் கேட்டது, "எல்லாரும் கடலுக்குப் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க மாமி. நாமளும் போவோம். பஸ் வந்து ஏத்திக்கும்."

பஸ் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காலிமுகத்துப் பக்கம் போக நேரமில்லை, பதுளைக்கு நீண்ட தூரம் என்று சாரதி சொல்லிவிட்டார். உள்ளே பெண்கள் மணல் ஒட்டிய காலோடு கடலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கருப்பம்மா ஏறியதும் பேச்சு நின்றது. என்ன ஆச்சு, எப்படி இருக்கு என்று எல்லோரும் சூழ்ந்தார்கள்.

"காலையில ஒன்னும் திங்காம வந்துட்டேன். என் தப்புதான்" என்றாள் கருப்பம்மா.

அது பொய். இரண்டு ரொட்டியும் சம்பலும் தனுஜாதான் எடுத்துக் கொடுத்தாள், அவள் சாப்பிட்டாள். தனுஜா வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் பெரியாயி, "பாவம் இந்தப் புள்ளதான் தனியா அலைஞ்சிருக்கு. இப்படி மருமக கெடைக்கணுமே" என்றாள். மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். தனுஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கருப்பம்மா ஜாக்கெட் வெட்டுப்பட்டு வெளியே தெரிந்த கையைச் சேலை முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு வழி நெடுகத் தூங்கினாள்.

ஊருக்கு வந்த பிறகு உடம்பு இரண்டொரு நாளில் தேறிவிட்டது. தேறாதது வேறொன்று. கருப்பம்மா கையை மூட ஆரம்பித்தாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகையில் பெண்கள் பழைய சட்டை போடுவது வழக்கம்தான். ஆனால் அவள் வீட்டிலும் போட்டாள். கோயிலுக்குச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். திருநீறு வாங்கக் கையை நீட்டும்போது மணிக்கட்டு வரை இழுத்து விட்டாள். கிருஷ்ணராஜ், "என்னம்மா இந்த வெக்கையில?" என்று கேட்டதற்கு, "குளிருதுடா" என்றாள்.

அடுப்படியில் நின்ற தனுஜாவின் காதில் அது விழுந்தது. இத்தனை வருடம் கோயிலில், குழாயடியில், கல்யாண வீட்டில், எங்கும் மறைக்காத கைகள். அதில் மறைக்க ஏதோ இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தது தான்தான். மேற்பார்வைப் பெண் தனக்குச் செய்ததைத் தான் மாமிக்குச் செய்திருக்கிறாள், அதுவும் அன்பாக, காசு கொடுத்து வாங்கி.

கடையிலும் அவளுக்கு வேலை ஓடவில்லை. லுணுகலையிலிருந்து வந்த ஒரு தாய், மகளைப் பார்க்கக் கொழும்பு போவதாகச் சொல்லி, "என்ன கட்டினா நல்லாருக்கும்மா?" என்று கேட்டாள். தனுஜா துணிகளை எடுத்துப் போட்டாள், ஒரு வார்த்தை வரவில்லை. றுஷ்தி முதலாளி வந்து வியாபாரத்தை முடித்து வைத்தார். "என்ன தனுஜா, சுகமில்லையா?" என்றார். தலையை ஆட்டினாள்.

முதலில் கணவனிடம் சொன்னாள். வரிசையில் மாமி கேட்டதையும் தான் மறுத்ததையும் சொன்னாள். கிருஷ்ணராஜ், "எங்கம்மாகிட்டச் சொல்லு. எங்கிட்டச் சொல்லி என்ன?" என்று எழுந்து போய்விட்டான்.

மறுநாள் குழாயடியில் இருவரும் துணி அலசிக்கொண்டிருந்தபோது தனுஜா பேச்சை எடுத்தாள்.

"மாமி, அன்னைக்கு நீங்க கைய ஏத்தவான்னு கேட்டீங்க. நான் வேணாம்னுட்டேன். சாப்பிடாம வந்ததால இல்ல. என்னாலதான். என்ன மன்னிச்சிருங்க."

"தெரியும் புள்ள." கருப்பம்மா துணியைப் பிழிந்தாள். "ஒன்னக் காட்டிக் குடுக்க மனசு வரல. ஒம்மேல எனக்குக் கோவமில்ல."

"அப்ப ஏன் மாமி எந்நேரமும் மூடிக்கிறீங்க?"

கருப்பம்மா குழாயை மூடினாள்.

"முன்னாடியெல்லாம் இந்தக் கையப் பாத்தா அண்ணன் ஞாபகம் வரும். இப்பப் பாத்தா அந்த வரிசதான் ஞாபகம் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

தனுஜா அழுதாள். கருப்பம்மா அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் மூவரும் பசறை, மொனராகலை வழியாகப் பொத்துவில்லுக்குப் பஸ் ஏறினார்கள். என்ன உடுத்துவது என்று தனுஜா சொல்லவில்லை, கருப்பம்மாவும் கேட்கவில்லை. அவளே தைக்கக் கொடுத்திருந்த நூல் துணி ஜாக்கெட்டில் வந்தாள். கை நீளம்தான், ஆனால் தொளதொளப்பு.

அறுகம்பைக் கரையில் வெள்ளைக்காரர்கள் உடம்பில் பாதித் துணியோடு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒருவனுக்கு முதுகு முழுக்கப் பச்சை. கருப்பம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவுங்கல்லாம் யாருகிட்டக் கேட்டுட்டு வந்தாங்க புள்ள?"

கிருஷ்ணராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். தனுஜாவுக்கும் சிரிப்பு வந்தது. கருப்பம்மா அலை வரைக்கும் போய் நின்றாள். தண்ணீர் வந்து முட்டியில் அடித்ததும் ஒரு அடி பின்னால் வைத்து, மறுபடி முன்னால் போனாள். வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இம்புட்டுப் பெருசா இருந்தா எப்படித் திரும்பி வருவாரு" என்றாள். யாரிடமும் கேட்கவில்லை, தானாகச் சொல்லிக்கொண்டாள்.

இப்போதும் அவள் நீளக்கைதான் போடுகிறாள். வீட்டில், பாத்திரம் கழுவும்போது, மற்றவர்கள் இல்லாத நேரத்தில் சில நாள் மடித்து விட்டிருப்பாள். தனுஜா வேலை முடிந்து வருகையில் வாசலிலேயே சத்தம் கொடுத்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறாள். உள்ளே பாத்திரச் சத்தம் ஒரு கணம் நிற்கும், பிறகு தொடங்கும். மடித்த கை கீழே இறங்கும் அந்த ஒரு கணம் முடியும் வரை அவள் செருப்பைக் கழற்றாமல் வெளியே நிற்பாள்.