கல்யாண பர்தாவின் முகவரி

காளவாசலில் மாடியில் இருந்த எங்கள் கம்பெனியின் டீம் லீட் அண்ணன், எந்த வெப்சைட்டை முடித்தாலும் முதலில் தல்லாகுளத்தில் இருக்கும் தன் மனைவிக்குப் போன் போடுவார். ஒரு பக்கத்தின் இணைய முகவரியை வாயால் சொல்லுவார். அதைக் கேட்டு மனைவி ஒரே தடவையில் அடித்துத் திறந்துவிட வேண்டும். முகவரியில் கேள்விக்குறி, சமக்குறி, எண்கள் என்று வந்தாலே அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும். "மனுசன் வாயில நுழையாதத எவன் மாப்ள தேடுவான்?" என்பார். பஸ் ஹாரனில் பாதி காதில் விழாமல், அந்த அம்மா அலுத்துக்கொண்டேதான் அடிப்பார்.

கோரிப்பாளையத்தில் வீட்டிலேயே பர்தா தைத்து விற்கும் ஓர் அக்காவுக்கும் அப்படித்தான் செய்து கொடுத்தார். அக்கா உடைக்கு ஒரு பெயர் எழுதினால் போதும், அதிலிருந்தே அதன் பக்கத்துக்கு முகவரி உருவாகிவிடும். இணையத்தில் தேடினால் அக்காவின் கடைதான் முதலில் வந்தது. ஆனால் நோன்பு நெருங்கும்போது ஆர்டர்கள் நின்றுபோயின. திறந்தால் 'பக்கம் இல்லை' என்று வருவதாக வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். ஒவ்வொரு பெருநாளுக்கும் எல்லா உடைக்கும் புதுப் பெயர் வைப்பது அக்காவின் வழக்கம் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெயர் மாறியதும் முகவரியும் மாறி, பழையது செத்துப்போயிருக்கிறது.

"பெருநாளைக்குப் புதுப் பேரு வைக்காம எப்புடி தம்பி?" என்றார் அக்கா, அழுகிற குரலில். அந்த சீசனை நம்பித்தான் அவர் வீடே ஓடியது.

"நீங்க மாத்துங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்றார் அண்ணன். தனக்குப் பிடிக்காத எண்களையே, உடைக்கு ஒன்றாக, ஒவ்வொரு முகவரியிலும் பெயருக்கு முன்னால் ஒட்டினார். பெயர் எப்படி மாறினாலும் மாறாத அந்த எண் சரியான பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். செத்துப்போன முகவரிகளையும் தேடியெடுத்துப் புதிய பக்கங்களுக்குத் திருப்பிவிட்டார். இதற்கெல்லாம் யார் நேரம் கொடுத்தது என்று முதலாளி சத்தம் போட்டார். அடுத்த ஆட்குறைப்பில் முதல் ஆளாக அவரை அனுப்பினார்கள்.

இப்போது அவர் இடத்தில் நான். வெப்சைட்டைக் கட்டும் ஃப்ரேம்வொர்க் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய முகவரிகளைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். நான் போடுவதில்லை. செய்தாலும் யார் கண்ணிலும் படாத வேலை, சலித்துத்தான் போகிறது.

போன வாரம் அக்கா போனில் பேசினார். "மூத்த மக கல்யாணத்துக்குப் பர்தா வாங்குன லிங்க்க வச்சே ஒரு அம்மா எளைய மக கல்யாணத்துக்கும் ஆர்டர் போட்டிருக்காக தம்பி. இம்புட்டு வருசம் கழிச்சும் தெறக்குது. அந்த அண்ணன் நல்லா இருக்காகளா?"

"நல்லா இருக்காகக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, என்னிடமிருந்த அண்ணனின் நம்பரை அழைத்தேன். அது உபயோகத்தில் இல்லை என்றது.